போக்கோ வன்னி

பூங்காவனத்திடம் ஏழு ஆடுகள் இருந்தன. அந்த ஏழையும் பத்து நாளில் அப்புறப்படுத்த வேண்டும் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்று சொன்னபோது, எட்டாவதாகத் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காதவள் போல, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மெர்டேக்கா கொண்டாடி மூன்று வாரம் ஆகியிருந்தது. மலாக்காவின் கஜா பெராங் சாலையோரம் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து, சாயம் ஒழுகி, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தாயிற்று, இனி எதையாவது புதிதாகச் செய்தே தீர வேண்டும் என்று ஆளாளுக்குக் கை பரபரத்த காலம் அது. மருதமுத்துவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பரபரத்தது. பகலில் அவர் பண்டார் ஹிலிரில் ஓர் ஆபீசில் கிராணி, ஜனங்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிற குமாஸ்தா வேலை. மிச்ச நேரமெல்லாம் தகரக்கூரை முருகன் கோயிலின் கமிட்டித் தலைவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு கட்டு நோட்டீசு. அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எழுந்து நின்றுதான் கேட்க வேண்டும். அப்படி ஒரு தோரணை.

"அக்கா, ஒங்க வாசல்ல நிக்குதே, அது சாதாரண மரம் இல்ல. வன்னி மரம்," என்றார். "விஜயதசமிக்கு சாமி வன்னி மரத்துலதான் அம்பு போடணும். இத்தன வருசமா மரம் இல்லாம வாழத்தண்ட நட்டு வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்தோம். இந்த மெர்டேக்கா வருசத்துல நெசமான வன்னியே கெடச்சிருக்கு. சாமி இங்க வருது. சாமி வர்ற எடத்துல ஆட்டுப் புழுக்க கெடக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

"முருகனுக்கு ஆட்டுக்கிடாவும் ஒரு வாகனந்தான் கிராணியாரே. அவரு ஒண்ணும் மொகம் சுளிக்க மாட்டாரு."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மருதமுத்து அவனை ஒரு பார்வை பார்க்க, அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"வெளையாட்டு இல்லக்கா. மரத்தச் சுத்தி வேலி போடணும். வீடு இருக்குற எடத்துல மண்டபம் வருது. நெலத்துக்காரரு நடராஜன் சிட்டிகிட்டப் பேசியாச்சு, சாமி மரம்னா எடத்த எடுத்துக்குங்கன்னுட்டாரு. ஒங்களுக்கு புக்கிட் காதில் பக்கம் ஒரு எடம் பாத்துத் தர்றோம். நடுத்தெருவுல விட்டுட மாட்டோம்."

பூங்காவனம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "கொடுக்காப்புளிய வன்னிங்கிறீங்க," என்றாள்.

"ஊரே வன்னிங்குது. மலாய்க்காரங்க, சிட்டிங்க எல்லாருமே போக்கோ வன்னி, வன்னி மரம்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்திதான் இல்லங்கிறீங்க. அப்ப எதுக்கு அந்தப் பேரு வந்துச்சு? சொல்லுங்களேன்."

மீன்காரனிடம் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், சந்தையில் தராசைப் பிடுங்கித் தானே நிறுத்துப் பார்க்கிறவள், அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கமிட்டிக்காரர்கள் மரத்துக்கு ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி, குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள்.

பதில் தெரியாமல் இல்லை. பதில் அவள் வாயில் வரக்கூடாத ஒரு பெயர்.

அவள் புருஷன் பெயர் வன்னிமுத்து. இதைக் கதை சொல்கிறவர் சொல்லலாம், படிக்கிறவர் சொல்லலாம், பெண்டாட்டி சொல்லக்கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளை வளர்த்தவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாள். மற்றவர்களிடம் "எங்க வீட்டுக்காரரு" என்பாள். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களும் சிட்டிமார்களும் முழுப்பெயர் நாக்கில் புரளாமல் அவனை வன்னி என்று கூப்பிட்டார்கள். வன்னி மாட்டுவண்டி ஓட்டினான். செமாபோக்கில் யாருக்கோ விறகு இறக்கப் போன இடத்தில் ஒரு கொடுக்காப்புளிப் பழத்தைத் தின்று, கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் ஊன்றினான். "ஆட்டுக்குத் தழையும் ஆச்சு, ஒனக்குத் திங்கப் பழமும் ஆச்சு," என்றான். அது வளர்ந்து கூரைக்கு மேல் போனது. வன்னியின் மரம் என்பதை மலாயில் போக்கோ வன்னி என்று அக்கம்பக்கம் சொல்லத் தொடங்கிற்று.

ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம், பாசாருக்குச் சாமான் ஏற்றப் போனவனை லாரியில் ஏற்றி சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். வண்டியும் மாடும் தனியே வீட்டுக்கு வந்தன. அவன் வரவில்லை. சண்டை முடிந்ததும், போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் யாரும் அவன் செத்ததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. உயிரோடு பார்த்ததாகவும் சொல்லவில்லை. தாலியைக் கழற்று என்றார்கள். "அவரே வந்து நான் செத்துட்டேன்னு சொல்லட்டும், கழட்டுறேன்," என்று சொல்லிவிட்டு நெற்றிப்பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள். அவனைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு ஊருக்குப் போய்விட்டன. புதிதாக வந்தவர்களுக்கு வன்னி என்று ஒரு மனிதன் இருந்ததே தெரியாது. மரம் மட்டும்தான் தெரியும்.

அதில் அவளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. தன் வாயால் சொல்ல முடியாத பெயரை ஊரார் வாயால் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். போக்கோ வன்னி பக்கத்தில் திரும்பு, போக்கோ வன்னி கிட்டே இறக்கிவிடு என்று பெச்சா ரிக்‌ஷாக்காரனிடம் யாராவது சொல்லும்போதெல்லாம், அவர் பேர் இன்னும் தெருவில் நடமாடுகிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெயரே தன்னை வீட்டை விட்டுத் துரத்த வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அன்றைக்கே நடராஜன் சிட்டி வீட்டுக்குப் போனாள். மலாக்கா சிட்டிமார் வட்டிக்கடைச் செட்டியார்கள் இல்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் வந்து மலாக்காவிலேயே ஊறிப்போனவர்கள். சாமி நம் சாமி, பாஷை மலாய். நடராஜன் சிட்டிக்குத் தமிழில் திருநீறு, பூசை, பொங்கல் என்று நாலைந்து வார்த்தை வரும், அவ்வளவுதான். நல்ல மனுஷர். ஆனால் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், அடுத்த சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள்.

திரும்பி வந்தாள். மரத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். சாமிக்கு என்று வந்த துணியை எறிய மனசு வரவில்லை. அழகாக மடித்துக் கொண்டுபோய்க் கோயில் படியில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் துணி மறுபடியும் மரத்தில் இருந்தது. மறுபடியும் அவிழ்த்து, மடித்து, படியில் வைத்தாள். நான்கு நாள் இந்தக் கூத்து நடந்தது. ஐந்தாம் நாள் மருதமுத்து துணியைக் கட்டி அதன்மேல் கம்பியும் சுற்றிவிட்டார். அவள் அடுத்த வீட்டில் குறடு வாங்கி வந்து கம்பியை வெட்டினாள். கம்பியையும் சுருட்டி, துணியோடு சேர்த்தே படியில் வைத்தாள்.

"இந்தப் பொம்பளைக்கு என்ன திமிர் பார்த்தீங்களா," என்று மருதமுத்து கோயிலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். அந்தச் செய்தி அவளுக்கு வந்து சேர்ந்ததும், "திமிர் இல்லாமயா பதினாலு வருசம் ஒத்தையில இருந்தேன்," என்று செய்தி கொண்டுவந்தவளிடமே பதில் சொல்லி அனுப்பினாள்.

அவள் தினமும் ஆட்டுப்பால் கொண்டுபோய் ஊற்றுகிற வீடுகளில் நாகம்மை ஆச்சியின் வீடும் ஒன்று. நாகம்மை முப்பத்தைந்து வயது செட்டிநாட்டுப் பெண். புருஷன் வட்டிக்கடை வைத்திருந்ததால் கப்பலேறி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வன்னி மரம் என்று கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. அவர்கள் மகர்நோன்பு என்று சொல்லும் விஜயதசமி அன்றைக்கு ஊர்ப் பொட்டலில் சாமி அம்பு போடுவதை வருஷம் தவறாமல் பார்த்தவள். கோயில் வன்னியைச் சுற்றாமல் வீடு திரும்பாதவள்.

"இந்த ஊர்ல வன்னி இருக்குதா? நான் வந்து பாக்குறேன்," என்றாள்.

"வாங்க ஆச்சி. வந்து பாத்து, கண்ணுக்குத் தெரிஞ்சத அப்படியே சொல்லுங்க. எனக்காக ஒரு வார்த்த கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மருதமுத்து கடப்பாரை, வேலிக்கட்டை, நாலு ஆள் சகிதம் வந்து சேர்ந்தார். விஜயதசமிக்கு நான்கு நாள்தான் இருந்தது. தெருவில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து முதல்நாள் திரும்பியிருந்த நடராஜன் சிட்டியையும் மருதமுத்துவே குடை பிடித்து அழைத்து வந்தார். பூங்காவனம் ஆட்டுக்கொட்டகையின் படலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாகம்மை பெச்சாவிலிருந்து இறங்கி நேராக மரத்தடிக்குப் போனாள்.

ஒரு கொப்பை வளைத்து இலையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கீழே கிடந்த ஒரு காயை எடுத்தாள். அது கொடுக்காப்புளி என்று பூங்காவனத்துக்குத் தெரியும். ஆனாலும் தெரிந்ததை வேறொருத்தி வாயால் கேட்கும் வரைக்கும் பயம்தான்.

"இது வன்னி இல்லங்க," என்றாள் நாகம்மை.

மருதமுத்துவின் முகம் மாறியது. "ஆச்சி நல்லாப் பாத்துச் சொல்லணும்."

"நல்லாத்தான் பாத்தேன். வன்னி எலை புளிய எலைய விடப் பொடிசு. ஒரு ஈர்க்குல வரிசையா, எண்ண முடியாம இருக்கும். இத எண்ணிப் பாருங்க. காம்பு ரெண்டாப் பிரியுது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டே ரெண்டு. மொத்தம் நாலு எலை. வன்னிக்கு முள்ளு கொப்பு நெடுகக் கண்ட எடத்துல மொளைக்கும். இதுக்கு எலைக்காம்பு அடியில சோடி சோடியா இருக்கு. வன்னிப் பூ மஞ்சளாக் கதிர் மாதிரி நீட்டமா இருக்கும், இதோ மேல பாருங்க, வெள்ளையா உருண்டை உருண்டையா. வன்னிக்காய் குச்சியாட்டம் நேரா இருக்கும்." கையிலிருந்த காயைத் தூக்கிக் காட்டினாள். அது வளையம் வளையமாகச் சுருண்டு, வெடித்த இடத்தில் வெள்ளைச் சதையும் கறுப்புக் கொட்டையும் தெரிந்தது. "இது கொடுக்காப்புளி. எங்க ஊர்ல வேலிக்கு வைப்பாங்க. முள்ளும் பச்சையும் இருந்துட்டா எல்லாம் வன்னியாயிடுமா?"

சதையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "தொண்டையக் கட்டுது. நல்ல பழம்," என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. பூங்காவனத்துக்கு முதுகு நிமிர்ந்தது. ஆனால் மருதமுத்து அவ்வளவு சுலபமாக விழுகிற ஆளில்லை. வன்னி மரத்தடியில் மெர்டேக்கா விஜயதசமி என்று ஐந்நூறு நோட்டீசு அச்சடித்து, மலாக்கா முழுக்கக் கொடுத்தாயிற்று. இப்போது கொடுக்காப்புளி என்று ஒப்புக்கொண்டால் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

"ஆச்சி சொல்றது நாட்டு வன்னி. இது மலாயா வன்னி," என்றார். "மண்ணு மாறுனா எலையும் மாறும், காயும் மாறும். மனுசனே மாறிப்போறான், மரம் மாறாதா? பேரு மாறலியே. பேரப் பாருங்க. வன்னி இல்லாட்டி வன்னின்னு யாரு கூப்புடப் போறா?"

"அது மரத்தோட பேரு இல்ல," என்றாள் பூங்காவனம். "எங்க வீட்டுக்காரரு பேரு."

மருதமுத்து சிரித்தே விட்டார். "அக்கா, போன மாசம் ஒங்க குடியுரிமைப் பாரத்த எழுதுனது யாரு? நான்தான். புருசன் பேரு என்னன்னு கேட்டேன். காதுல கெடக்குற முத்தத் தொட்டுக் காட்டுனீங்க. முத்துன்னு எழுதுனேன். இன்னிக்கு எடம் போகுதுன்னதும் வன்னிங்கிறீங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு வரிசை நீளமாக இருந்தது. பெயரின் பின்பாதிக்குத் தோட்டில் முத்து இருந்தது, தொட்டுக் காட்டினாள். முன்பாதிக்கு என்ன காட்டுவது என்று அவள் யோசிப்பதற்குள் மருதமுத்து எழுதி முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். முத்து என்று அரைப் புருஷனோடு வெளியே வந்தவள், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி, நெலத்துக்காரரையே கேப்போம்," என்று மருதமுத்து நடராஜன் சிட்டியின் பக்கம் திரும்பினார். இத்தனை நேரம் ஒரு வார்த்தை புரியாமல் குடையின் கீழ் நின்ற மனுஷரிடம், மரத்தைக் காட்டி மலாயில் கேட்டார். "இனி போக்கோ வன்னி, பெத்துல்?" இது வன்னி மரம்தானே, சரிதானே என்று.

"பெத்துல்," என்றார் சிட்டி, தலையை ஆட்டி. "போக்கோ வன்னி." அதிலென்ன சந்தேகம் என்கிற மாதிரி சொன்னார்.

"கேட்டாச்சா?" மருதமுத்து கூட்டத்தைப் பார்த்தார். "முருகா முருகா," என்றார்கள் இரண்டு பேர். கடப்பாரைக்காரன் பூங்காவனத்தைச் சுற்றிப் போய்க் கொட்டகையின் மூலைப் பலகையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பலகை முறிந்தது. உள்ளே ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின.

அப்போதுதான் பூங்காவனத்துக்கு எல்லாம் விளங்கியது. சிட்டி பொய் சொல்லவில்லை. அவர் மனிதனைச் சொல்கிறார். இவர்கள் மரத்தைக் கேட்கிறார்கள். அவள் சொல்லாத ஒரு பெயருக்காக அவன் கையால் வேய்ந்த கூரை போகப்போகிறது, அவன் ஊன்றிய மரத்துக்கு வேலி வரப்போகிறது, அவன் ஒரு நாள் திரும்பி வந்தால் இங்கே ஒரு மண்டபம் நிற்கும். யாரிடம் போய்த் தன் வீட்டை விசாரிப்பான்? இந்த நினைப்பு வந்ததும் பயமெல்லாம் போய் உடம்பு கொதித்தது. ஜாடை காட்டியது போதும் என்று நினைத்தாள். தோட்டைத் தொட்டதும், அவரு இவரு என்றதும் போதும்.

"வன்னிமுத்து," என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"எம் புருசன் பேரு வன்னிமுத்து. இது வன்னிமுத்து நட்ட மரம். வன்னிமுத்து கட்டுன வீடு. இப்பக் காதுல விழுந்துச்சா கிராணியாரே? எழுதிக்கிறீங்களா?"

தமிழ் தெரியாத நடராஜன் சிட்டிக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. "யா லா," என்றார் முகம் விரிந்து. "வன்னிமுத்து. டியா யாங் தானாம்." அவன்தானே நட்டான் என்கிறார். மரத்தைக் காட்டினார், பிறகு தலைக்கு மேல் கையை உயர்த்தி அவன் எவ்வளவு உயரம் என்று காட்டினார், மாட்டை ஓட்டுகிற மாதிரி நாக்கைத் தட்டினார். ஒருவரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருதமுத்துவையும், முறிந்த பலகையையும், பூங்காவனத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது சாமி மரம் என்று தன்னிடம் இடம் கேட்டது வன்னியின் வீட்டை இடிக்கத்தான் என்பது மெல்ல அவருக்கும் எட்டியது. குடையை மடக்கினார். அதன் நுனியால் கடப்பாரையைத் தட்டிவிட்டார்.

"ருமா வன்னி. ஜாங்கான் காச்சாவ்," என்றார். வன்னியின் வீடு, கை வைக்காதே. அவர் அதட்டிப் பேசி அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

ஆட்கள் வேலிக்கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நாகம்மை முறிந்த பலகையைத் தூக்கி நிறுத்திப் பார்த்து, நிற்காமல் அது சாய்ந்ததும் தன் தோளாலேயே முட்டுக்கொடுத்து நின்றாள். மருதமுத்து மட்டும் நகரவில்லை. நோட்டீசுக் கட்டைக் கக்கத்திலிருந்து எடுத்தார், மறுபடி கக்கத்திலேயே வைத்தார். தோற்றுப்போனதை விடப் பெரிதாக ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அக்கா," என்றார் தணிந்த குரலில். "எடத்துக்காக புருசன் பேரச் சொல்லிட்டீங்களே. அவரு ஆயுசு…"

"பதினாலு வருசம் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் பூங்காவனம். கண் நிறைந்துவிட்டது; துடைக்கவில்லை. "நான் சொல்லாத பேருக்கு அவருக்கு எத்தன வருச ஆயுசு கூடுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? சயாங்காட்டுல எந்த மூலையில இருக்காருன்னு தெரியுமா? யாருக்கும் தெரியாது. சொல்லாம இருந்து பாத்தாச்சு, அவரு வரல. இனிமே கூப்புட்டுப் பாக்குறேன். காது இருந்தா வரட்டும்."

படலைத் தள்ளிக்கொண்டு தெரு நடுவுக்கு வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, அவன் அன்றைக்கு மடியில் கொட்டையோடு வந்த செமாபோக் பாதையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வன்னிமுத்து. சோறு ஆறிப்போவுது. வீட்டுக்கு வாங்க."